அயிரை விட்டு வரால் வாங்கிய கதை

"அயிரை விட்டு வரால் வாங்குவது" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. சிறியதொன்றைக் கொடுத்துப் பெரியதொன்றைப் பெற்றுக்கொள்ளும் சாமர்த்தியத்தைக் குறிக்க அதனை வழங்குகிறோம். ஆனால் அப்பழமொழியில் விடப்படுகின்ற அயிரையைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் சிலரே. வராலுக்குப் புகழ் உண்டு. அயிரைக்கு அது இல்லை. பெரிய மீனைப் பிடிக்கச் சிறிய மீனை இரையாக்கும் தொழிலின் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்தால், கடலோர மக்களின் நுண்ணறிவும், நாடுகளின் பூசல்களும், ஊர்விட்டு ஊர் சென்றோரின் வாழ்வும் அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

இவ்வாராய்ச்சியில் நான் இறங்கியதற்கு ஒரு பிழையே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஓர் அலுவலகத்தில் மீன்வளம் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. வெட்டிய ஹெர்ரிங் மீனை இரையாக இட்டுக் கடலில் ஸால்மன் பிடிப்பதைப் பற்றி அதில் சில வரிகள் இருந்தன. ஹெர்ரிங் என்பதற்கு 'மத்தி' என்றும், ஸால்மன் என்பதற்குக் 'காலா' என்றும் தயங்காமல் எழுதிவிட்டேன். மும்பையின் உணவு விடுதிகளில் 'இந்திய ஸால்மன்' என்ற பெயரில் பரிமாறப்படுவது ராவஸ் மீனே. ராவஸ் என்பது நம் காலா மீனே. ஆதலின் என் மொழிபெயர்ப்பில் குற்றமில்லை என்று நம்பினேன்.

பின்னொரு நாள் தாராவியில் மீன் விற்கும் கோளி மூதாட்டி ஒருவரிடம் இச்செய்தியைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ராவஸ் நம் கழிமுகத்துச் சேற்று நீரில் வளர்வது என்றும், பனி நாட்டு மீனுக்கும் அதற்கும் என்ன உறவு என்றும் அவர் கேட்டபோது எனக்கு நாணம் மேலிட்டது. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் மாற்றினால் அது மொழிபெயர்ப்பாகாது என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு குலத்தைச் சேர்ந்த மீன்கள். ஸால்மன் குளிர்ந்த ஆறுகளில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது. காலாவோ வெப்ப நாட்டுக் கரையோர மீன். அதன் மார்புத் துடுப்பின் அடியில் நூல் போன்ற நான்கு இழைகள் உண்டு. கலங்கிய நீரில் கண்ணுக்குப் புலனாகாத இரையை அவ்விழைகளால் தடவி அறியும். 'நான்கு விரலுடையது' என்ற பொருள்படும் விஞ்ஞானப் பெயரை அறிஞர் அதற்கு இட்டதும் இக்காரணம் பற்றியே.

அப்படியாயின் அதனை ஸால்மன் என்று அழைத்தவர் யார்? கடல் கடந்து வந்த ஆங்கிலேயரே. தம் நாட்டு மீனின் நினைவு அவர்களை விடவில்லை. சதைப்பற்றும் சுவையும் உடைய இம்மீனைக் கண்டதும் பழைய பெயரைப் புதிய மீனுக்குச் சூட்டினர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியிலும் இதே மீனுக்கு 'நீல ஸால்மன்' என்னும் பெயர் வழங்குகிறது. ஊரைவிட்டுப் பிரிந்தவர் ஊரின் பெயர்களையாவது உடன் கொண்டு செல்வது உலகியல்பு அன்றோ!

இனி, இரையின் வரலாற்றுக்கு வருவோம். தூண்டிலும் இரையும் தமிழர்க்குப் புதியவை அல்ல. அகநானூற்றில் மதுரை நக்கீரர் பாடிய பாடல் ஒன்றில், வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய ஆண் வரால் காட்சியளிக்கிறது. ஆம்பல் இலை கிழிய, குவளை மலர்கள் சிதைய, தூண்டிற்காரன் இழுத்தும் வாராமல், கயிறு பூட்டிய சினமிகு காளையைப் போல் அது குளத்தைக் கலக்குகிறது. திருவள்ளுவரும் சூதில் கிட்டும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். இரையால் மறைக்கப்பட்ட இரும்பு அது என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். இரும்பு முள்ளும், அதனை மறைக்கும் இரையும், இழுக்கும் கயிறும் அக்காலத்திலேயே நம்மவர்க்கு நன்கு பழக்கமானவை என்பது இவற்றால் விளங்கும்.

ஆயினும் இரையை இன்னவாறு வெட்ட வேண்டும் என்பதை ஒரு நுண்கலையாகவே வளர்த்தவர்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையினர். அங்குள்ள ஆதிக்குடிகள், வெள்ளையர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஹெர்ரிங் மீனை இரையாக இட்டு, தோணியை மெல்லச் செலுத்தி ஸால்மன் பிடித்தனர். நீண்ட கழியில் கூரிய பற்களை வரிசையாகப் பதித்து, சீப்பால் தலைவாருவதைப் போல் நீரைக் கோதி ஹெர்ரிங் மீன்களைக் குத்தி எடுத்தனர். கடற்பாசியின் நீண்ட தண்டை உலர்த்தி முறுக்கித் தூண்டிற்கயிறாக்கினர்.

பின்னாளில் பரவிய வெட்டு முறையை இங்குச் சிறிது விளக்குவது பயனுடைத்து. ஒரு சாண் அளவுள்ள ஹெர்ரிங் மீனை எடுத்து, செவுளுக்குப் பின்னால் கூரிய கத்தியால் தலையைச் சாய்வாக நறுக்குவர். குடலை வெட்டுவாய் வழியே நீக்கி, உடலில் இரண்டு முட்களைக் கோப்பர். நேராக வெட்டினால் பயனில்லை. சாய்வில்தான் சூட்சுமம் இருக்கிறது. அச்சாய்ந்த முகத்தில் நீர் மோதும்போது இரை திருகாணி போல் சுழன்று செல்லும். வெட்டின் சாய்வு மாறினால் சுழற்சியும் மாறும். சதை இறுகவும் செதில் உதிராதிருக்கவும் மீனை முன்கூட்டியே கல்லுப்பு நீரில் ஊறவைப்பதும் உண்டு.

இஃது ஏன் பலிக்கிறது? ஸால்மன் ஹெர்ரிங் கூட்டத்தினுள் பாய்ந்து தாக்கும். அடிபட்டுத் தள்ளாடுவனவற்றைத் திரும்பி வந்து விழுங்கும். சுழலும் வெட்டுத்துண்டு, காயம்பட்ட மீனின் தள்ளாட்டத்தையே அதற்குக் காட்டுகிறது. ஒரு மீனின் பசியையும் மற்றொரு மீனின் துடிப்பையும் நெடுநாள் கூர்ந்து நோக்கியவர்க்கே இத்தகைய தந்திரம் கைகூடும். ஏட்டுப் படிப்பால் வந்த அறிவன்று. கடல் தந்த அறிவு.

இம்முறையோடு பிணைந்த மற்றொரு வரலாறு, அயல் மாநிலத்தில் வாழும் நம் உள்ளத்தைத் தொடக்கூடியது. அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தை ஒட்டிய எலியட் விரிகுடாவில், வெட்டிய ஹெர்ரிங்கைக் கனமான ஈயத்துடன் ஆழத்தில் இறக்கி, படகை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு மெல்ல ஏற்றி இறக்கிப் பிடிக்கும் முறை தழைத்தது. அதனை வளர்த்ததில் அங்குக் குடியேறிய ஜப்பானிய வமிசத்தவர்க்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்த ஆணையின் விளைவாக, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தவர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசல்களைத் துறந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்து திரும்பியவர்களில் ஸியாட்டில் மீன்பிடிப்போர், 1946-இல் அதே விரிகுடாவில் தங்கள் ஸால்மன் போட்டியை நடத்தினர். வீட்டை இழந்தவர்கள்கூடக் கையிலிருந்த கலையை இழக்கவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரைமீன் அரசியலையும் கலக்கியிருக்கிறது. அட்லாண்டிக் கடலில் காட் என்னும் பெருமீனைப் பிடிக்க வரும் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு ஹெர்ரிங் முதலிய இரைமீன்கள் இன்றியமையாதவை. அவற்றை அயலாருக்கு விற்பதைக் கட்டுப்படுத்த நியூபவுண்ட்லாந்து ஆட்சியினர் 'இரைச் சட்டம்' ஒன்றையே இயற்றினர். 1887-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு சாண் மீனுக்காக அமைச்சர்கள் ஓலை எழுதினர், தூதுவர்கள் வாதாடினர். 1904-இல் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீன்பிடிக்கும் உரிமையும் அதில் ஒரு பகுதியாயிற்று.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். ஹெர்ரிங் நம் கடலில் இல்லை. ஆனால் அதன் உறவினர் உண்டு. சாளை, சூடை, மத்தி என்று நம் கரையோரங்களில் வழங்கும் மீன்கள் அவ்வினத்தோடு தொடர்புடையவையே. மராத்தியில் மத்தியைத் 'தார்லி' என்பர். காலா மீன் இறாலையும் சிறு மீன்களையும் உண்பது. ஆதலின் கழிமுகங்களில் தூண்டில் இடுவோர் இறாலையோ சாளைத் துண்டையோ முள்ளில் கோப்பது இயல்பு. அங்கே ஹெர்ரிங் செய்யும் வேலையை இங்கே சாளை செய்கிறது. எனவே, என் மொழிபெயர்ப்பில் மீன்களின் பெயர்கள் பிழையாயினும், தொழிலின் உறவு பிழையாகவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்!

சென்னை மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். அதிகாரியாக விளங்கிய சர் பிரெடரிக் நிக்கல்ஸன், 1905 முதல் மீன்வள ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அம்மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலினார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களையும் வலைகளையும் தூண்டில்களையும் ஒவ்வொன்றாகக் கண்டு எழுதிவைத்தார். மீனவர்களை ஏதுமறியாதவர் என்று இகழாமல், அவர்களிடம் கற்றுக்கொள்ள அமர்ந்த அறிஞர் அவர்.

தூண்டில் தொழிலின் பெருமையை இன்றளவும் காத்து வருவோர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள். நீண்ட கயிற்றில் முட்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கொழுப்பு மிக்க மீன்களைத் துண்டாக்கிக் கோத்து, ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் அவர்கள் பெயர் பெற்றவர்கள். கொச்சியிலிருந்து குஜராத் கடல் வரை அவர்களுடைய விசைப்படகுகள் செல்லும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அம்மாவட்டத்துக் குடும்பங்கள் பல தம் மக்களைக் கடலுக்குப் பலிகொடுத்தன. அப்போது ஆழ்கடலில் இருந்த படகுகள் பல மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டக் கரையை அடைந்து உயிர் தப்பின. நாம் புகைவண்டியில் வந்து சேர்ந்த இதே மாநிலத்துக்கு, தூண்டிலோடு கடல்வழியே வந்து சேரும் தமிழரும் இருக்கின்றனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இப்போது அயிரையின் நிலைக்கு வருவோம். பெரிய மீனுக்கு விலை பேசும் உலகம் சிறிய மீனை எண்ணுவதில்லை. மத்தியின் வரத்து சரிந்தபோது, இளம் மீன்களைக் காக்க 1943-லேயே சென்னை அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எண்ணெய்க்கும் தீவனத்துக்குமாக ஹெர்ரிங் மீனை அளவின்றி அள்ளியதால், 1967-இல் அத்தொழிலையே மூட நேர்ந்தது. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்ததோ 3,297 டன் மட்டுமே. கடல்நீரின் தட்பவெப்ப மாறுதல் ஒரு காரணம். குஞ்சு மீன்களை வாரி எடுத்தது மற்றொரு காரணம். மத்தி என்பது தூண்டிலுக்கு இரை மட்டுமன்று. ஏழையின் சோற்றுக்குத் துணையும் ஆகும். அது அருகினால் முதலில் வாடுவது பெருமீன் அன்று. நம் போன்றோரின் அடுக்களையே.

மும்பையிலும் இப்பாடம் எழுதப்பட்டிருக்கிறது. 1909-ஆம் ஆண்டின் பம்பாய் நகர விவரச்சுவடி, தாராவியை நகரத்தின் ஆறு பெருங் கோளிவாடாக்களுள் ஒன்றாகக் குறிக்கிறது. மாஹிம் கழியின் மீனை நம்பி அம்மக்கள் வாழ்ந்தனர். பின்னர்ப் பாலங்கள் எழுந்தன, கழி தூர்ந்தது, மீட்டி ஆற்றின் வழியே நகரத்தின் கழிவு வந்து கலந்தது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம்மவர் குடிசை அமைத்தது அம்மீனவரின் ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்தில்தான். அவர்களின் நீர் நமக்கு நிலமாயிற்று. இதனை நாம் நன்றியோடு நினைவில் வைத்தல் வேண்டும்.

ஆகவே, தாராவியிலாயினும் செம்பூரிலாயினும் அடுத்த முறை மீன்கடைக்குச் செல்லும்போது, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ராவஸ் என்பது காலா, தார்லி என்பது மத்தி என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். கோளி அம்மையார் சொல்லும் பெயர்களையும் கேட்டுவரச் செய்யுங்கள். மாட்டுங்காவில் மீனையே தொடாத குடும்பத்தாரும் இப்பெயர்களை அறிந்து வைத்தலில் தவறில்லை. இரண்டு மொழிகளில் ஒரு மீனின் பெயரை அறிந்த பிள்ளை, இரண்டு கரைகளுக்கும் உரிய பிள்ளை.

அயிரையை விட்டு வராலை வாங்கியவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அயிரை குளத்தில் இருக்கும் வரையில்தான் அவன் கெட்டிக்காரத்தனம் செல்லும்.