சூலைப் பதிகமும் சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்களும்

புற்றுநோயாளர் பெரிய சத்திரசிகிச்சைக்குத் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறார்கள் என்று எழுதுவோரிடம் ‘விதிப்பற்று’ என்றொரு வகைப்பாடு உண்டு. தெற்காசிய நோயாளி கடவுளின் பெயரை எடுத்ததும் அதற்குள் அடைக்கப்பட்டுவிடுகிறார். மூச்சுப் பயிற்சி, புரதம் கூட்டிய உணவு, புகையையும் வெற்றிலையையும் விடுதல் எல்லாம் ஆயத்தம். தேவாரம் பாடுவதும் நேர்த்தி வைப்பதும் வெறும் ஆறுதல். கணிப்பவர் கடுமையானவராக இருந்தால், நோயை ஏற்க மறுத்தல். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வரும் தமிழ் நோயாளர் விடயத்தில் இந்தப் பிரிப்புச் செல்லாது என்பது என் வாதம். அதற்கான சான்றை நேர்காணல்களில் தேடாமல், அவர்களுள் சைவர்கள் நாடும் ஒரு பதிகத்தில் தேடுகிறேன்.

நாலாம் திருமுறையின் முதற் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்த பத்துப் பாட்டு. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடியது. நோய் தீர்க்கும் பதிகம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பெரியபுராணத்தில் சமணரின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்காமற் போகின்றன; தமக்கையார் திலகவதியார் திருநீறு கொடுக்கிறார்; பாடியதும் சூலை அகல்கிறது. வைத்தியம் தோற்ற இடத்திற் பாட்டு வென்றது என்ற இந்தக் கதையை வைத்துத்தான், பதிகம் பாடும் நோயாளி கத்திக்குப் பதிலாக அற்புதத்தை எதிர்பார்க்கிறார் என்று முடிவுகட்டுகிறார்கள்.

ஆனால் அது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்வது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பதிகத்தை மட்டும் படித்தால், நோய் எங்கும் தீரவில்லை. முதற் பாட்டில் குடலை முறுக்கும் வலி பத்தாம் பாட்டிலும் இருக்கிறது. வியர்த்தும் புரண்டும் விழுந்தும் எழும் உடலோடு பதிகம் நின்றுவிடுகிறது. நன்றி சொல்லும் பாட்டு ஒன்றுகூட இல்லை. சம்பந்தர் பதிகங்களின் கடைசியில் வருவதுபோல் ஓதுவார் பெறும் பயனும் சொல்லப்படவில்லை. பத்தும் தீர்வுக்கு முந்திய நேரத்தில் நிகழ்கின்றன.

அந்த நேரத்தில் பாடுபவர் கைகட்டி நிற்கிறாரா? ஐந்தாம் பாட்டில், கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொள் என்று சொல்லி ஆழமான கயத்துக்குள் தள்ளிவிட்டதாகவும், கால் ஊன்ற இடம் தெரியவில்லை என்றும் முறையிடுகிறார். கரையில் நின்றோர் சமணர் என்று கொள்வது மரபு. அதை நான் மறுக்கவில்லை. கிளினிக் கொப்பியோடு தனியே வரிசையில் நிற்பவருக்கு அவர்கள் வேறு யாராகவும் தோன்றலாம். நாலாம் பாட்டு இன்னும் முக்கியமானது. தம்மை அடைந்தவரின் வினையைத் தீர்ப்பது தலையானவர்களின் கடமை அல்லவா என்று அது கேட்கிறது. ஒன்பதாம் பாட்டோ கிட்டத்தட்ட மிரட்டல்: அடியவர் படும் பாடு இதுதான் என்றால் எம்போன்றவர்கள் இனி உம்மை நம்பமாட்டார்கள். விதியை ஏற்றுக்கொண்டவர் இப்படி வழக்குப் பேசமாட்டார். பத்தாம் பாட்டிற் கூப்பிடப்படுபவர் யானைத் தோலை உரித்துப் போர்த்தவர். அரக்கனை மலையின்கீழ் நசுக்கி, பிறகு அவனுக்கே அருளியவர். தன் உடலை வெட்டப்போகும் கையையே காக்கும் கையாகவும் நம்பவேண்டியவருக்கு இந்த வரிசை பொருந்துகிறது. பாடியவர் அப்படி எண்ணிப் பாடினார் என்று சொல்ல நான் துணியவில்லை. பாட்டு அதற்கு இடம் தருகிறது என்பதோடு நிறுத்துகிறேன்.

வைத்தியசாலை தரும் ஆயத்தத்தில் இல்லாதது இந்த வழக்குப் பேச்சுத்தான். இரத்தப் பரிசோதனை, இசிஜி, குழாயை உறிஞ்சிப் பந்துகளை எழுப்பும் பயிற்சி, முதல்நாள் இரவு ‘வாயில ஒண்டும் வைக்காதேங்கோ’, காலையில் தாலியைக் கழற்றிக் கொடுத்தல்: எல்லாமே நோயாளி கீழ்ப்படிய வேண்டியவை. சம்மதப் படிவத்தைப் பல வேளை மகனோ மருமகளோ சிங்களத்திலிருந்து சொல்லிக் கொடுக்க, அவர் ஒப்பமிடுகிறார். உமது கடமையைச் செய்யும் என்று எவரிடமும் கேட்க அங்கே வாய்ப்பில்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று வாய்ப்புற்று. அதற்கான சத்திரசிகிச்சைக்குப் பின் குரலும் உச்சரிப்பும் எப்படியிருக்கும் என்று தெரியாத ஒருவர், பேச்சு தெளிவாக இருக்கும் கடைசி நாட்களில் முறையிடும் பாட்டைத் தேர்வதை ‘மறுப்பு’ என்பது எனக்கு விளங்கவில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் செவ்வாய்க்கிழமைகளிற் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வைக்கும் நேர்த்தியும் நிபந்தனைப் பேச்சே. அது தனியாக ஆராயத்தக்கது.

பொருள் அறிந்தா பாடுகிறார்கள் என்று கேட்பதுண்டு. சைவநெறியைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்களிடம் இந்தக் கேள்வியே பொருந்தாது. பாட்டை நம்பிச் சிகிச்சைக்குப் பிந்துகிறார்கள் என்பது மற்றொன்று. பிந்துவதற்குத் தூரமும் செலவும் தவணைத் திகதிகளும் இருக்க, அப்பரை ஏன் இழுக்கவேண்டும்? பாடுபவர் மனதில் சேக்கிழாரின் கதையும் இருக்குமே என்பது மட்டுமே கனமான தடை. இருக்கும்தான். ஆனால் தன்மையில், நிகழ்காலத்தில், வலி தீராமலே அவர் வாய் சொல்வது பதிகத்தை.

கொழும்பில் இனி வினாக்கொத்துத் தயாரிப்போர், ‘கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டேன்: ஆம்/இல்லை’ என்ற கேள்வியை நீக்கட்டும். கடவுளிடம் என்ன கேட்டீர்கள், அதையே வைத்தியரிடமும் கேட்டீர்களா என்று தமிழிற் கேட்கட்டும்.