மோட்டார் டிரைவ் (ஒளிப்படக்கருவி)

மோட்டார் டிரைவ் என்பது, படச்சுருளைப் பயன்படுத்தும் ஒளிப்படக்கருவியில் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்டவுடன் சுருளை அடுத்த படத்துக்கு நகர்த்தி, ஷட்டரையும் ஆயத்தநிலைக்குக் கொண்டுவரும் மின் துணைக்கருவி ஆகும். இது பொதுவாகக் கருவியின் அடிப்பகுதியில் திருகிப் பொருத்தப்படும். இதன் எளிய, வேகம் குறைந்த வடிவம் வைண்டர் எனப்படுகிறது. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர் கருவிகளுக்கென இவை பரவலாக விற்கப்பட்டன. இன்று பெரும்பாலும் பழைய கருவிகள் விற்குமிடங்களிலேயே கிடைக்கின்றன.

செயற்பாடு

கையால் இயங்கும் கருவியில், ஒரு படம் எடுத்தபின் நெம்புகோலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். மோட்டார் பொருத்தப்பட்டால், அதன் சுழலும் முனை கருவியின் அடித்தட்டிலுள்ள துளை வழியாகச் சுற்றுப் பொறிமுறையுடன் இணைந்து இவ்வேலையைச் செய்கிறது. இதனால் படமெடுப்பவர் வியூபைண்டரிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து படமெடுக்கவும் முடியும்.

வரலாறு

1934 இல் செருமனியில் வெளிவந்த ரோபோட் என்னும் கருவி, சுருள்வில்லின் விசையால் படச்சுருளைத் தானே நகர்த்தியது. 1957 இல் நிக்கான் எஸ்பி கருவிக்கு எஸ்-36 என்னும் மின்மோட்டார் வந்தது. 1959 இல் அறிமுகமான நிக்கான் எப் கருவிக்குரிய எப்-36, நொடிக்கு 3 படங்கள் எடுத்தது. ஆடியை மேலே நிறுத்தினால் 4 படங்கள் எடுத்தது. ஆனால் ஒவ்வொரு எப்-36 மோட்டாரையும் அது பொருந்தும் குறிப்பிட்ட கருவிக்கேற்பத் தொழில்நுட்பர் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1971 இல் வந்த நிக்கான் எப்2 இல் இத்தேவை நீங்கியது.

1965 இல் சுவீடனின் ஹாசல்பிளாட் நிறுவனம் மோட்டார் உள்ளமைந்த 500இஎல் கருவியை வெளியிட்டது. இதன் மாற்றியமைக்கப்பட்ட வடிவம் 1969 இல் அப்பல்லோ 11 பயணத்தில் நிலவின் பரப்பில் பயன்பட்டது. தடித்த கையுறை அணிந்த விண்வெளி வீரர்கள் கையால் சுருளை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

1976 இல் வெளிவந்த கேனான் ஏஇ-1 கருவியும் அதன் பவர் வைண்டர் ஏ துணைக்கருவியும் இவ்வசதியைப் பொழுதுபோக்காகப் படமெடுப்போரிடமும் கொண்டுசேர்த்தன. 1985 இல் வந்த மினோல்டா 7000 முதலான தானியங்கிக் குவியக் கருவிகளில் மோட்டார் உள்ளேயே அமைந்ததால், தனித் துணைக்கருவியின் தேவை குறைந்தது.

தெரிவு செய்தல்

பொருத்தம்: ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்கிடையேயும் மோட்டார்கள் மாறிப் பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, கேனான் ஏ-1 கருவிக்கான மோட்டார் டிரைவ் எம்ஏ, ஏஇ-1 புரோகிராம் கருவியுடன் இயங்கும். ஆனால் பழைய ஏஇ-1 உடன் இயங்காது. முதலில் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 கருவிகளில் மோட்டாரை இணைக்க உட்புற மாற்றம் தேவைப்பட்டது. எம்டி எனக் குறிக்கப்பட்டவற்றில் தேவைப்படவில்லை.

எடையும் மின்கலமும்: பவர் வைண்டர் ஏ நான்கு ஏஏ மின்கலங்களில் நொடிக்கு 2 படங்கள் எடுக்கும். மோட்டார் டிரைவ் எம்ஏ பன்னிரண்டு மின்கலங்களில் 5 படங்கள் வரை எடுக்கும். இக்கூடுதல் எடையை நாள் முழுவதும் சுமக்க வேண்டும். நிக்கான் எப்எம் கருவிக்குரிய எம்டி-11 மோட்டாரை அணைக்க மறந்தால் ஒளிமானியின் மின்கலம் தீர்ந்துவிடும். பின்வந்த எம்டி-12 இல் இது தானாகவே துண்டிக்கப்படுகிறது.

வேகம்: 36 படங்கள் கொண்ட சுருள், நொடிக்கு 5 படங்கள் என்ற வேகத்தில் 7.2 நொடிகளில் தீர்ந்துவிடும். 2 படங்கள் என்ற வேகத்தில் 18 நொடிகள் நீடிக்கும். மேலும், வேகம் உரிய கணத்தை உறுதி செய்வதில்லை. ஷட்டர் 1/500 நொடி திறந்து, நொடிக்கு 5 படங்கள் எடுக்கப்பட்டால், அந்த நொடியில் பதிவாவது 1/100 பங்கு மட்டுமே. மட்டை பந்தைத் தொடும் கணம் எஞ்சிய 99 பங்கில் நழுவிவிடலாம். ஆகவே கணத்தைக் கணித்து அழுத்தும் திறனுக்கு மோட்டார் மாற்று ஆகாது. அடுத்த படத்துக்குக் கருவியை உடனே ஆயத்தமாக்குவதே அதன் முதன்மைப் பயன். இதற்குப் பெரும்பாலோருக்கு வைண்டரே போதுமானது. விளையாட்டு, பறவைகளின் பறப்பு போன்றவற்றைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வோருக்கே வேகமான மோட்டார் தேவைப்படும்.

குறைபாடுகள்

மோட்டாரின் ஒலி நாடக அரங்கிலும், விலங்குகளை நெருங்கும்போதும் இடையூறாகும். குளிர்ந்த, வறண்ட காற்றில் சுருள் விரைவாக நகர்ந்தால் நிலைமின் பொறிகள் தோன்றிப் படத்தில் கீற்றுகளாகப் பதியக்கூடும். கடுங்குளிரில் சுருள் நொறுங்கும் தன்மை பெறுவதுடன் மின்கலங்களும் வலுவிழக்கும். சுருள் முடிந்த பின்னும் மோட்டார் இழுத்தால் ஓரத் துளைகள் கிழியலாம். இதைத் தவிர்க்கச் சில மோட்டார்களில், எஞ்சிய படங்களை எண்ணிச் சுழியத்தில் நிற்கும் எண்ணி உள்ளது.

பழைய மோட்டார்களைச் சோதித்தல்

மின்கல அறையில் பச்சை அல்லது வெண்ணிறப் படிவு இருந்தால், மின்கலம் கசிந்து தொடுகைகள் அரிக்கப்பட்டிருக்கலாம். மின்கலத் தாங்கி தொலைந்திருந்தால் மோட்டார் முழுமையாக இருந்தும் பயன்படாது. பொருத்துவதற்காகக் கழற்றப்படும் அடித்தட்டுத் துளையின் மூடி உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். அது இல்லையெனில் மோட்டாரை நீக்கியபின் தூசி உட்புகும். முதலில் சுருளின்றியும், பின்னர் பயனற்ற சுருளொன்றை இட்டும் இயக்கிப் பார்ப்பது நன்று. படங்களின் இடைவெளி சீராக உள்ளதா என்பது, அக்கருவியில் எடுத்துக் கழுவிய சுருளிலேயே தெரியவரும்.