புனைகதையில் ஓட்டிசப் பாத்திரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

புனைகதைப் பாத்திரமொன்று நம்பத்தக்கதாய் அமைவதற்கு ஆசிரியரின் கற்பனை மாத்திரம் போதாது. அப்பாத்திரம் எத்தகைய மாந்தரைப் பிரதிபலிக்கின்றதோ, அவர்களைப் பற்றிய செய்தி ஆசிரியருக்கு எவர் வாயிலாகக் கிடைத்தது என்பதும் முக்கியமானது. உழவரைப் பற்றி நிலக்கிழார் கூறியதையும் பெண்களைப் பற்றி ஆடவர் கூறியதையும் மட்டுமே சான்றாகக் கொண்டு எழுந்த இலக்கியங்களின் குறைபாடுகளைத் திறனாய்வாளர் பலகாலும் சுட்டியுள்ளனர். ஓட்டிசம் உடையோரைச் சித்திரிக்கும் புனைகதைகள் தொடர்பாகவும் இவ்வினா எழுகின்றது. மேலைநாடுகளில் இப்பாத்திரங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, முதலில் மருத்துவரும், அடுத்துப் பெற்றோரும், ஈற்றில் ஓட்டிசம் உடையோர் தாமும் சாட்சிகளாக நின்ற மூன்று கட்டங்களை அவதானிக்கலாம். சாட்சி மாறியபோதெல்லாம் பாத்திரமும் மாறியுள்ளது.

'ஓட்டிசம்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது. சுவிற்சர்லாந்து உளமருத்துவரான ஒயிகன் புளொய்லர் 1911ஆம் ஆண்டளவில், உளப்பிளவு நோயாளர் புறவுலகை விட்டொதுங்கும் நிலையைக் குறிக்க அதனைக் கையாண்டார். மொஸ்கோவில் பணியாற்றிய குரூன்யா சுக்கரேவா என்னும் பெண் மருத்துவர், 1925இல் ஆறு சிறுவரைப் பற்றி எழுதிய கட்டுரையிலே இன்று ஓட்டிசம் எனப்படும் இயல்புகளைத் தெளிவாக விவரித்தார். ஆயினும் அது நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1943இல் ஐக்கிய அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் எட்டுச் சிறுவரையும் மூன்று சிறுமியரையும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் வெளியிட்ட கட்டுரையுமே பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாயின.

கன்னர் முதலாவதாக விவரித்த சிறுவனின் தந்தை, மகனைப் பற்றி 33 பக்கங்களில் நீண்ட கடிதமொன்று எழுதி அனுப்பியிருந்தார். மருத்துவக் கட்டுரைக்கு அக்கடிதம் பெருந்துணையாயிற்று. அஃதாவது மருத்துவரின் கூற்றுக்குப் பின்னாலும் பெற்றோரின் அவதானிப்பு நின்றது. ஆயினும் விரைவிலேயே பெற்றோர் சாட்சிகளாகவன்றிக் குற்றவாளிகளாக நோக்கப்பட்டனர். 1949இல் கன்னர் தாமே பெற்றோரின் அன்பின்மையைக் குளிர்ப்பெட்டிக்கு ஒப்பிட்டார். புரூனோ பெத்தல்ஹைம் 1967இல் வெளியிட்ட 'வெற்றுக் கோட்டை' என்னும் நூல், தாயின் வெறுப்பே காரணமென்ற கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. கோட்டையினுள் எவருமில்லை என்று நூலின் பெயரே கூறிவிட்டது.

புனைகதையும் இதே காலப்பகுதியில் அவ்வெறுமையை நிரப்ப முயன்றது. பிலிப் கே. டிக் 1964இல் வெளியிட்ட 'மார்ஷியன் டைம் ஸ்லிப்' என்னும் விஞ்ஞான நாவலிலே மான்பிரட் என்னும் ஓட்டிசச் சிறுவன் வருகின்றான். அவனுக்குக் காலம் வேறு வேகத்திற் செல்கின்றது. எதிர்காலத்தின் சிதைவை அவன் இன்றே காண்கின்றான். செவ்வாய்க் கிரகத்தில் நிலவிற்பனையில் இலாபந்தேட விரும்பும் தொழிற்சங்கத் தலைவனொருவன் அவனது ஆற்றலைத் தன் கருவியாக்க முனைகின்றான். சிறுவனுக்குள்ளே ஓர் உலகம் உண்டென ஏற்றுக்கொண்டமை இந்நாவலின் சிறப்பாகும். ஆனால் அவ்வுலகம் மருத்துவக் கோட்பாடொன்றின் விரிவேயன்றி, அத்தகைய சிறுவனொருவன் உணர்ந்து கூறியதன்று.

இரண்டாங் கட்டத்தைத் தொடக்கியவர்கள் பெற்றோர். ஓட்டிசம் உடைய மகனின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் இதன் காரணம் உயிரியல் சார்ந்தது என வாதிட்டுத் தாய்மார் மீதான பழியைக் களைய முற்பட்டார். கிளாரா கிளெயிபோர்ன் பார்க் தம் மகளைப் பற்றி எழுதிய 'முற்றுகை' 1967இல் வெளிவந்தது. பிரித்தானியாவில் லோர்னா விங், தாயாகவும் மருத்துவராகவும் நின்று, ஜூடித் கோல்டுடன் இணைந்து 1979இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டிசம் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட நிலையன்று, பல படிகளையும் சாயல்களையும் கொண்டது என்னும் கருத்துக்கு வழிவகுத்தது.

எனினும் பொதுமக்களின் மனத்திற் பதிந்தது இந்தப் பன்மையன்று. 1988இல் வெளிவந்த 'ரெயின் மேன்' திரைப்படத்தின் ரேமண்ட் என்னும் பாத்திரமே பதிந்தது. கீழே சிந்திய 246 பற்குத்துக் குச்சிகளைக் கணப்பொழுதில் எண்ணிச் சொல்லும் அக்காட்சியை அறியாதார் சிலரே. டஸ்டின் ஹோப்மனின் நடிப்பும் நான்கு ஒஸ்கார் விருதுகளும் ஓட்டிசம் என்னும் சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றன. இஃது அப்படத்தின் மறுக்கவியலாத பயன். ஆனால் கதாசிரியர் பரி மொரோவுக்கு உந்துதலளித்த கிம் பீக் என்பவர் வியத்தகு நினைவாற்றல் படைத்தவராயினும் ஓட்டிசம் உடையவரல்லர் எனப் பின்னர் கருதப்பட்டது. அவர் தந்தையின் பராமரிப்பில் வாழ்ந்தவர். படத்தின் ரேமண்டோ முடிவிலே காப்பகத்துக்குத் திரும்புகின்றான். அம்முடிவு அவனுக்கு நன்மையானதெனப் பார்வையாளர் ஏற்கும்படி கதை அமைந்துள்ளது.

இம்முடிவை வரலாற்றுடன் ஒப்பிடுதல் தகும். 1971இல் கன்னர் தாம் முன்னர் கண்ட பதினொருவரின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தபோது, அரச மருத்துவமனைகளில் விடப்பட்டோர் ஒடுங்கிப்போயினர் என்பதைக் கண்டார். மாறாக, முதலாவதாக விவரிக்கப்பட்ட டொனால்ட் டிரிப்ளெற், மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூரொன்றில் அயலவரால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, வங்கியிலே வேலை பார்த்து, கோல்ப் விளையாடி, பல நாடுகளுக்குப் பயணஞ்செய்து, 2023இல் தமது 89ஆவது வயதிற் காலமானார். ரேமண்டின் கதை எழுதப்பட்ட காலத்தில் இத்தகைய வாழ்வொன்று ஏற்கெனவே வாழப்பட்டுக்கொண்டிருந்தது. புனைகதைதான் அதனைக் காணவில்லை.

மூன்றாங் கட்டம் 1986இல் டெம்பிள் கிராண்டின் வெளியிட்ட தன்வரலாற்றுடன் வலுப்பெற்றது. 1992இல் டொனா வில்லியம்சின் தன்வரலாறும் வெளிவந்தது. இந்நூல்கள் புனைகதைக்கு அளித்தது யாது? அணைக்கவரும் கையைக் கண்டு விலகும் குழந்தையை மருத்துவர் பார்த்து, பற்றில்லாத குழந்தை என எழுதினர். கிராண்டினோ, அணைப்பைத் தாம் ஏங்கியதாகவும், ஆனால் பிறர் தொடும்போது எழும் உணர்ச்சிப் பெருக்கைத் தாங்கமுடியாதிருந்ததாகவும் கூறினார். பண்ணையிலே மாடுகளை அசையாது பிடித்துவைக்கும் பொறியைக் கண்டு, தம் உடலைத் தாமே விரும்பிய அளவுக்கு அழுத்திக்கொள்ளத்தக்க பொறியொன்றை இளமையிலேயே அமைத்தார். புறத்தே தெரிந்த செயல் ஒன்றே. ஆனால் காரணம் முற்றிலும் மாறிவிட்டது. பாத்திர வார்ப்பின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. செயல்களின் பட்டியல் ஒரு நோய்க்குறிப்பாகலாம். செயலுக்குரிய அகக்காரணமே அதனை மனிதராக்குகின்றது.

இவ்வேறுபாட்டை அடுத்தடுத்து வெளிவந்த இரு நாவல்கள் விளக்குகின்றன. மார்க் ஹடன் 2003இல் வெளியிட்ட, இரவில் இறந்த நாயொன்றின் கதையைக் கூறும் நாவலில், கிறிஸ்தோபர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் தன் கதையைத் தானே சொல்கின்றான். அத்தியாயங்கள் பகாவெண்களால் இலக்கமிடப்பட்டுள்ளன. வாசகர் அவனது தருக்கத்தின் வழியே நடக்கின்றனர். இது பெரும் முன்னேற்றம். ஆனால் இத்துறையில் தமக்கு அறிவு குறைவென்று ஆசிரியரே கூறியுள்ளார். கணிதத் திறனும் உணர்ச்சி வறட்சியும் இணைந்த பழைய வார்ப்பு இங்கும் தொடர்கின்றது என்னும் விமர்சனம் புறக்கணிக்கத்தக்கதன்று. இதே காலத்தில் வெளிவந்து நெபியூலா விருது பெற்றது எலிசபெத் மூன் எழுதிய 'இருளின் வேகம்'. இவர் ஓட்டிசம் உடைய மகனின் தாய். நாவலின் நாயகன் லூ தொழில் புரிகின்றான், வாட்போர் பயில்கின்றான், காதல் கொள்கின்றான். ஓட்டிசத்தை நீக்கும் சிகிச்சைக்கு உடன்படும்படி மேலதிகாரி நெருக்கும்போது, அதற்குப் பின் வாழப்போவது தானா அல்லது வேறொருவனா என்னும் கேள்வி அவனுக்கு எழுகின்றது. அவன் பிறர் கதையின் கருவியல்லன். கதையின் முடிவு அவனது தெரிவிலே தங்கியுள்ளது.

2012இல் டேமியன் மில்டன் என்னும் ஓட்டிசம் உடைய அறிஞர், புரிந்துகொள்ளாமை இருபாலும் உள்ளதென வாதிட்டார். ஓட்டிசம் உடையோர் பிறரை உணரத் தவறுவதுபோலவே, பிறரும் அவர்களை உணரத் தவறுகின்றனர். இக்கருத்தைப் புனைகதையில் தெளிவாகக் காட்டுவது எல் மக்னிகொல் 2020இல் வெளியிட்ட சிறுவர் நாவலாகும். ஓட்டிசம் உடைய இவ்வாசிரியை படைத்த அடி என்னும் சிறுமி, முற்காலத்தில் சூனியக்காரிகளெனத் தன் ஸ்கொத்லாந்துக் கிராமத்திற் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் கோரிப் போராடுகின்றாள். அவளிடம் உணர்ச்சி குறைவன்று, மிகையாகவே உள்ளது. அவளைப் புரிந்துகொள்ளத் தவறுபவர் அவளுடைய ஆசிரியையே.

இதனால் ஓட்டிசம் உடையோர் மாத்திரமே அவர்களைப் பற்றி எழுதலாம் என்பது பெறப்படாது. மூனின் நாவலே அதற்குச் சான்று. அன்றியும், பேச்சு மொழியைக் கையாளாதோரின் அகவாழ்வு நூல்களில் இன்னும் அரிதாகவே இடம்பெறுகின்றது. ஆதலின் மூன்றாங் கட்டமும் முற்றுப்பெற்றதன்று. ஆனால் எழுத்தாளன் எவனாயினும், எவருடைய சாட்சியத்தைக் கொண்டு எழுதுகின்றான் என்பதற்கு அவன் பொறுப்பாளியாகின்றான். இப்பொறுப்பு அழகியல் சார்ந்தது மாத்திரமன்று. ரேமண்டைப் போலக் கணக்கிடாத இளைஞனிடம் அவனது திறமை யாதென வினவும் உறவினரும், கிறிஸ்தோபரைப் போலன்றிக் கண்ணீர் விடும் சிறுமிக்கு ஓட்டிசம் இருக்கமுடியாதெனக் கருதும் ஆசிரியரும் கதைகளிலிருந்தே தம் அளவுகோலைப் பெற்றவர்கள். ஒரு பாத்திரம் பிழையாக வார்க்கப்படும்போது, அதன் சுமையை அந்த இளைஞனும் அந்தச் சிறுமியுமே சுமக்கின்றனர்.