பிரான்சின் பசுமைவழிகள்

பசுமைவழி (பிரெஞ்சில் வுவா வேர்த்) என்பது மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத, சைக்கிளில் போவோர், நடப்போர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கென்றே ஒதுக்கப்பட்ட தனிப்பாதை. பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் சைக்கிள் சுற்றுலா இன்று பெரும்பாலும் இத்தகைய பாதைகளை நம்பி நடக்கிறது. ஆனால் இவற்றில் மிகப் பல, சுற்றுலாவை நினைத்து வெட்டப்பட்டவை அல்ல. படகு இழுத்த குதிரைகள் நடந்த கரைகளும் தண்டவாளம் கழற்றப்பட்ட ரயில் தடங்களும்தான் பசுமைவழிகள் ஆயின. புதிதாக நிலம் எடுக்க முயன்றிருந்தால் இப்படி ஒரு வலையமைப்பு உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

கரைப்பாதையின் கதையைப் பதினான்காம் லூயி காலத்திலிருந்து தொடங்கலாம். அமைச்சர் கோல்பேர் 1669இல் கொண்டுவந்த நீர், வன ஆணை, படகு ஓடும் ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் இழுவைக் குதிரைகளுக்காக 24 பிரெஞ்சு அடி அகலத்தை விட்டுத்தர வேண்டும் என்றது. அதற்குள் மரம் நடவும் வேலி போடவும் தடை. அந்த 24 அடி இன்றைய அளவில் 7.80 மீட்டர். மன்னராட்சி போனது, இரண்டு பேரரசுகள் வந்து போயின, குடியரசு ஐந்து முறை பிறந்தது; 7.80 மீட்டர் என்ற எண் மட்டும் பிரான்சின் பொதுச்சொத்துச் சட்டத்தில் இன்றும் மாறாமல் இருக்கிறது.

கால்வாய்க் கரைகள் அரசின் கையில் இருந்ததால் அங்கே பாதைக்கு இடம் பெறும் சிக்கல் இன்னும் குறைவு. பியேர் போல் ரிக்கேயின் முயற்சியால் 1666 முதல் 1681 வரையான காலத்தில் வெட்டப்பட்ட மிதி கால்வாய், துலூசிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீட்டர் நீளுகிறது. துலூசிலிருந்து மேற்கே கரோன் கால்வாய் 193 கிலோமீட்டர். பிரித்தானியக் கப்பல்கள் பிரெஸ்ட் துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த நாளில், கடலைத் தொடாமலே அங்கே சரக்கு கொண்டுபோக நெப்போலியன் திட்டமிட்டதுதான் நான்த் – பிரெஸ்ட் கால்வாய். அது முழுமையானது 1842இல். அதற்குள் போரும் முடிந்திருந்தது, நெப்போலியனும் இறந்திருந்தார். பின்னர் 1930இல் எழுந்த கெர்லெதான் அணை கால்வாயை நடுவிலேயே அறுத்துவிட்டது. படகுக்கு அது முட்டுச்சந்து. சைக்கிளில் போகிறவர் அணையின் ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கரையைப் பிடித்துவிடலாம்.

எஞ்சின் பொருத்திய படகுகள் வந்தபின் குதிரைகள் போயின. கரைப்பாதை அழியாததற்குக் காரணம் சாதாரணமானது: மதகுக் காவலர்களுக்கும் கரையைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பொதுமக்கள் அதில் சைக்கிள் ஓட்ட நெடுங்காலம் முறைப்படி அனுமதி பெற வேண்டியிருந்தது.

சைக்கிள் சுற்றுலாவின் வரலாறு இந்தப் பாதைகளுக்கு வெளியே, தூசி பறந்த கிராமச் சாலைகளில் தொடங்கியது. அதன் தந்தை எனப்படும் போல் த விவி (1853–1930) சேந்த் எத்தியேனில் சைக்கிள் வணிகம் செய்தவர். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதி, 1887 முதல் ஒரு சைக்கிள் இதழை நடத்தினார். மலை நாட்டில் சாதாரண மனிதர் ஏறி இறங்க வேண்டுமானால் வண்டிக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டார். தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜுக்கோ கியர் என்றால் கிழவர்களுக்கானது. அந்தப் பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கியருக்கு 1937இல்தான் வழி திறந்தது. அவ்வாண்டு வென்றவர் ரொஜே லப்பெபி. போர்தோவுக்குக் கிழக்கே, சோவ்தேர் த கியேன் வரை பழைய ரயில் தடத்தில் செல்லும் சைக்கிள் பாதைக்கு இன்று அவர் பெயர். வெலோசியோ 1937இன் அந்த மாற்றத்தைப் பார்க்க உயிரோடு இல்லை. 1930இல் தம் ஊரிலேயே டிராம் மோதி இறந்துபோனார்.

சுற்றுலா சைக்கிள் சங்கங்களின் கூட்டமைப்பு 1923இல் அமைந்தது. மக்கள் முன்னணி அரசு 1936 ஜூனில் தொழிலாளர் எல்லோருக்கும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியதும், இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள்களில் கடற்கரைக்குக் கிளம்பிய இளம் தம்பதிகளின் படங்கள் அந்தக் கோடையின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. குறுகலான கிராமச் சாலைகளிலும் வேகம் கூடியது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றும் வழக்கம் தேய்ந்தது.

இனி ரயில். பொதுப்பணி அமைச்சர் ஷார்ல் த ஃபிரேசினே கொண்டுவந்த 1879ஆம் ஆண்டுச் சட்டம் 181 புதிய தடங்களைப் பட்டியலிட்டது. சின்னச் சின்ன நிர்வாக ஊர்களுக்கும் ரயில் போக வேண்டும் என்பது நோக்கம். அரசியல் ஆதாயத்துக்காக இழுக்கப்பட்ட தடங்களும் அவற்றில் உண்டு; சில தடங்களில் பயணிகளைவிட நிலைய அதிகாரிகளின் எண்ணிக்கையே பெரிது என்று கேலி செய்யலாம். பேருந்தும் லாரியும் வந்தபின் அவை தாக்குப்பிடிக்கவில்லை. தேசிய ரயில் நிறுவனம் 1938இல் தொடங்கியதை ஒட்டிய ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போனபின் எஞ்சியது, ஊர்களை இணைத்தபடி துண்டாகாமல் ஓடும் நீண்ட ஒரு கீற்று நிலம். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் சரிவு நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவது அரிது. மலைப்பகுதியிலும் ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் மூச்சு வாங்காமல் மிதிக்க முடிவது, மறைந்துபோன பொறியாளர்களின் கணக்கால்தான்.

இந்நிலத்தை முதலில் முறையாகப் பயன்படுத்தியது பூர்கோஞ் பகுதியின் சோன் – லுவார் மாவட்டம். ஷாலோன் நகருக்கு அருகிலுள்ள ஜிவ்ரியிலிருந்து, 910இல் மடாலயம் நிறுவப்பட்ட குளூனி வரை 44 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் 1997இல் திறக்கப்பட்டது. பிரான்சின் முதல் பசுமைவழி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். வழவழப்பான தார்ப்பூச்சு, பக்கத்திலேயே திராட்சைத் தோட்டங்கள், புசி, கோர்மத்தென் போன்ற ஊர்கள், ஓய்விடமாக மாறிய நிலையக் கட்டடங்கள். சைக்கிளுக்கென்று போட்டதில் சக்கரக் காலணி இளைஞர்களும் கூடினார்கள். பின்னர் பாதை தெற்கே மாக்கோன் பக்கம் நீண்டபோது, 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள புவா கிளேர் ரயில் சுரங்கமும் அதில் சேர்ந்தது.

அடுத்தடுத்து நடந்தவை சட்டமும் பலகையும். 1998 டிசம்பரில் அரசு நாடு தழுவிய சைக்கிள் வழித்திட்டத்தை ஏற்றது. 2010இல் அது திருத்தப்பட்டது. 2004 செப்டம்பர் 16 அன்று வெளியான ஆணை பசுமைவழியைச் சாலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அதற்கெனத் தனிப் பலகையும் தந்தது. இதற்கிடையே நெடுந்தொலைவு வழிகள் கோக்கப்பட்டன: நெவேர் அருகிலிருந்து அட்லாண்டிக் வரை சுமார் 900 கிலோமீட்டர் போகும் லுவார் ஆற்று வழி, ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு இறங்கும் ரோன் ஆற்று வழி, 2015இல் நார்மாந்தியிலிருந்து லா ரொஷேல் வரை திறந்த வெலோ ஃபிரான்செத்.

குறைகளும் உண்டு. ரயிலை மீட்க விரும்புவோர், தார் பூசிய தடத்தில் ரயில் திரும்பி வருவது கடினம் என்கிறார்கள், நியாயமான கவலை. பழைய நிலையங்கள் பல ஊருக்கு வெளியே இருப்பதால், காரிலிருந்து தப்பியவர் ரொட்டிக்கடையிலிருந்தும் தப்பிவிடுகிறார். தண்ணீரும் மதிய உணவும் பையில் இருப்பது நல்லது. ரயில் தடங்களில் இருபுறமும் மரம் அடர்ந்து, மணிக்கணக்கில் ஒரே காட்சியாகச் சலிப்பூட்டும் நீளங்களும் இருக்கின்றன. மிதி கால்வாயில் துலூசிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குப் பாதை நன்றாயிருக்கும். அதற்கப்பால் பல இடங்களில் மண்ணும் வேரும்தான். அதன் கரையில் இருந்த 42,000 பிளேன் மரங்களில், 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் பல்லாயிரம் வெட்டப்பட்டுவிட்டன. பழைய புகைப்படங்களில் உள்ள நிழலை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

எந்த வழியாயினும் அதை அடைய ரயில் வேண்டும். 2019ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், புதிய ரயில்களிலும் புதுப்பிக்கப்படும் ரயில்களிலும் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கச் சொன்னது. 2021 ஆணை பொதுவாகக் குறைந்தது எட்டு இடங்கள் என்று அளவு சொன்னது.

பயணம் திட்டமிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று. வரைபடத்தில் ‘வெலோரூத்’ என்று காண்பது சைக்கிளுக்குப் பலகை நட்ட வழி மட்டுமே. அதில் கார் ஓடும் சிறு சாலைகளும் அடங்கும். புகழ்பெற்ற லுவார் வழியிலேயே அப்படிப்பட்ட பகுதிகள் கணிசம். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் ‘வுவா வேர்த்’ என்று குறித்த பகுதிகளைத் தேர்ந்துகொள்ளட்டும். குளிர்காலத்தில் பூர்கோஞ் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: வௌவால்கள் உறங்கும் அம்மாதங்களில் புவா கிளேர் சுரங்கம் மூடப்பட்டிருக்கும், மலையேறித்தான் கடக்க வேண்டும்.