கேள்வி ஞானத்தால் பிழைத்த மலைநாட்டு இசை

செவியால் கற்பதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் கேள்வி. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு பாராமல், பிறர் பாடக் கேட்டே இசையறிவு பெற்றவரைக் 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்று இன்றும் சொல்கிறோம். அச்சொல்லில் மதிப்பும் உண்டு. 'முறையாகப் படிக்காதவர்' என்ற சிறு குறையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குறைச்சொல் நியாயமானதுதானா? வட அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலேச்சிய மலைநாட்டின் தந்தியிசை வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. விழா ஆண்டு என்பது பெற்றதை எண்ணி நன்றி கூறும் ஆண்டு. பெற்றதை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் கடமையை எண்ணுவதும் அதற்குப் பொருந்தும். எனவே அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

இரு கண்டங்களின் பிள்ளை

'ஓல்டு டைம்' என்று அமெரிக்கர் அழைக்கும் இப்பழைய இசைக்கு இரண்டு தூண்கள்: பிடில், பாஞ்சோ. பிடில் என்பது நாம் அறிந்த வயலினேதான். பிடிக்கும் முறையும் வில் இழுக்கும் முறையுமே வேறு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். பாஞ்சோவோ ஆப்பிரிக்கரின் கொடை. சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தித் தந்தி கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் நினைவைச் சுமந்து வந்த அடிமைகள், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதைப் புதிதாக உருவாக்கினார்கள். ஐந்தாவது தந்தி குட்டையானது. கட்டைவிரல் அதை மீட்டிக்கொண்டே இருக்கும்.

கறுப்பின மக்கள் பிடிலிலும் வல்லவர்களாய் இருந்தார்கள். தப்பியோடிய அடிமைகளைத் தேடி அக்கால நாளிதழ்களில் வந்த விளம்பரங்கள் பலவற்றில், பிடில் வாசிக்கத் தெரிந்தவன் என்பதே ஓர் அடையாளமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. விலங்கு பூட்டிய கைகளிலிருந்து பிறந்த தாளமும் கடல் கடந்து வந்த மெட்டும் கலந்தே இந்த இசை உருவாயிற்று. கிதார் நெடுநாள் கழித்து, அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களின் காலத்தில்தான் மலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

திண்ணையே பள்ளி

இவ்விசையைக் கற்பிக்கப் பள்ளி இருந்ததில்லை. மாலையில் வேலை முடிந்து வீட்டு முகப்பில் தந்தை வாசிப்பார், பிள்ளை கேட்கும். சோளம் உரிக்கும் கூட்டு வேலைக்கு அக்கம்பக்கத்தார் கூடுவர், வேலைக்குப்பின் நடனம், அதற்கு ஒரு பிடிலும் ஒரு பாஞ்சோவும் போதும். சமய ஆர்வம் மிக்க சில குடும்பங்களில் பிடிலைப் 'பிசாசின் பெட்டி' என்று வெறுத்தவர்களும் இருந்தார்கள். நடனமும் மதுவும் அதன் கூடவே வந்ததே அந்த வெறுப்புக்குக் காரணம். ஆயினும் செவி வழியாகப் புகுந்ததை யாரால் வெளியேற்ற முடியும்?

மெட்டு ஒவ்வொன்றும் சிறியது. பெரும்பாலும் இரண்டு பகுதிகள். முதற்பகுதியை இருமுறை, அடுத்ததை இருமுறை வாசித்து மீண்டும் தொடக்கத்திற்கு வருவர். ஆடுவோர் களைக்கும் வரை அதே மெட்டு சுழன்றுகொண்டிருக்கும். கற்பவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஒரே இரவில் ஒரே மெட்டை நாற்பது முறை கேட்டவனுக்கு ஏடு எதற்கு?

இசைத்தட்டு செய்த நன்மையும் தீமையும்

1922-இல் டெக்சாஸைச் சேர்ந்த எக் ராபர்ட்சன் நியூயார்க்கில் பிடில் வாசித்துப் பதிவு செய்தார். 1923-இல் அட்லாண்டா நகரில் ஜான் கார்சனின் பிடிலும் பாட்டும் பதிவாயின. தட்டுகள் விற்றன, வணிகர்கள் விழித்துக்கொண்டார்கள். 1925-இல் நாஷ்வில் வானொலியில் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியும் தொடங்கியது.

ஆனால் நிறுவனங்கள் தங்கள் பட்டியலை மக்களின் நிறம் பார்த்து இரண்டாகப் பிரித்தன. மலைநாட்டுத் தந்தியிசை வெள்ளையர் பட்டியலுக்கும், புளூஸ் போன்றவை கறுப்பர் பட்டியலுக்கும் என்று ஒதுக்கப்பட்டன. பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்களில் மிகச் சிலவே பதிவு பெற்றன. தட்டுகளை மட்டும் சான்றாகக் கொண்டால், அவர்கள் இருந்ததே இல்லை என்று வரலாறு எழுதிவிடலாம்! நெடுநாள் அப்படியே பலரும் நம்பினர்.

வேறொரு தீங்கும் நேர்ந்தது. கேட்க வானொலி வந்தபின், வீட்டில் வாசிப்பவரை நாடுவது குறைந்தது. பிழைப்புத் தேடி இளைஞர் மில்களுக்கும் நகரங்களுக்கும் சென்றார்கள். கொடுப்பவர் இருந்தும் வாங்குவாரின்றிச் சங்கிலி தளர்ந்தது.

ஏட்டில் ஏறிய மெட்டு

எழுதி வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1937-இல் ஆலன் லோமாக்ஸ், எலிசபெத் லோமாக்ஸ் தம்பதியர் கென்டக்கி மாநிலத்தில் டபிள்யூ. எச். ஸ்டெப் என்ற பிடில்காரரின் வாசிப்பை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்காகப் பதிவு செய்தார்கள். 'போனபார்ட்டின் பின்வாங்கல்' என்ற அந்த மெட்டைப் பலர் அணிவகுப்பு நடையில் மெதுவாக வாசிப்பது வழக்கம். ஸ்டெப் அதைத் துள்ளும் வேகத்தில் வாசித்தார். ரூத் கிராஃபோர்டு சீகர் அதைச் சுரம் சுரமாக எழுத, 1941-இல் அது நூலில் வெளியாயிற்று. 1942-இல் ஆரன் கோப்லண்ட் தமது 'ரோடியோ' நாட்டிய இசையில் அதைச் சேர்த்தார். இன்று உலகெங்கும் பெரிய இசைக்குழுக்கள் வாசிப்பது அதைத்தான்.

ஏடு அந்த மெட்டுக்குப் புகழ் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதர் ஒருநாள் வாசித்த வாசிப்பு அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுநாள் ஸ்டெப் அதையே சற்று மாற்றி வாசித்திருக்கக்கூடும். அவ்வுரிமை ஏட்டுக்கு இல்லை. வில்லின் அழுத்தம், இரு சுரங்களுக்கு இடையே நிற்கும் சுரம், தாளத்தின் சிறு சாய்வு ஆகியவற்றையும் ஏடு முழுதாகப் பிடிப்பதில்லை.

முதியோரைத் தேடி வந்த இளைஞர்

தளர்ந்த சங்கிலியை மீண்டும் இழுத்துப் பிணைத்தவர்கள் பெரும்பாலும் படித்த நகர இளைஞர்கள். முறையான வயலின் பயிற்சி பெற்று இசைக்குழுக்களில் வாசித்த ஆலன் ஜபூர், டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராய் இருந்தபோது, 1966-இல் வர்ஜீனியாவின் கிளென் லின் என்ற சிற்றூரில் ஹென்றி ரீடு என்ற முதியவரைச் சந்தித்தார். 1884-இல் பிறந்த ரீடு, மெக்சிகோப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் குழலூதிய குவின்ஸ் டில்லியன் என்ற முதியவரிடம் இளமையில் மெட்டுகள் கேட்டவர். ஜபூர் அவற்றை ஒலிநாடாவில் பதிந்துகொண்டார், அத்துடன் நின்றாரா? கேட்டுக் கேட்டுத் தாமே வாசிக்கப் பழகினார். டர்ஹாமில் நண்பர்களைக் கூட்டி அவர்களுக்கும் சொல்லித் தந்தார். அந்த 'ஹாலோ ராக்' குழுவின் இசைத்தட்டு 1968-இல் வெளிவந்தது. ரீடு மறைந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டே ஆண்டு இடைவெளி! ஜபூர் காலம் தாழ்த்தியிருந்தால் எத்தனை மெட்டுகள் அம்முதியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்! 1966, 67-ஆம் ஆண்டுகளில் பதிவான 184 ஒலிப்பதிவுகள் இன்று காங்கிரஸ் நூலகத்தில் யாவரும் கேட்கக் கிடைக்கின்றன.

வட கரோலினாவின் டோஸ்ட் என்ற ஊரில் டாமி ஜாரல் வாழ்ந்தார். நெடுஞ்சாலைத் துறையில் மண் சமன் செய்யும் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் கற்க இளைஞர்கள் வரிசையாய் வந்தார்கள். அவர் 1985-இல் மறையும் வரை அவ்வீடே ஒரு பள்ளியாய் விளங்கியது.

வட்டமாய் அமர்ந்து கற்றல்

எல்லாராலும் மலையேறி முதியவர் வீட்டுக்குச் செல்ல இயலுமா? முதியவர்கள்தாம் எத்தனை நாள் இருப்பார்கள்? இக்கவலையிலிருந்தே கூட்டுப் பயிற்சி முகாம்கள் பிறந்தன எனலாம். மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸ் நகரில் 1973-இல் ஆகஸ்டா முகாம் தொடங்கியது. 1977-இல் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டில் பிடில் மெட்டு விழா தொடங்கிற்று. அதைத் தோற்றுவித்த பெர்ட்ரம் லெவி, ஹாலோ ராக் குழுவில் மாண்டலின் வாசித்தவர். 1990-களில் வட கரோலினாவின் ஸ்வானனோவா முகாமும் சேர்ந்தது.

இத்தகைய வகுப்புகளில் நடப்பது என்ன? மாணவர்கள் வட்டமாய் அமர்வர். முன்னால் ஏடு இராது. ஆசிரியர் மெட்டை முழுதாய்ப் பலமுறை வாசிப்பார். மற்றவர் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்பர். பின் வாய்க்குள் முனகிப் பார்ப்பர். வாயில் வராதது விரலில் வராது என்பது அவர்கள் பாடம். அடுத்து ஆசிரியர் ஒரு சிறு துண்டை வாசிப்பார். வகுப்பு முழுவதும் திருப்பி வாசிக்கும். துண்டோடு துண்டு சேர்ந்து பகுதியாகும். முதலில் மெட்டின் எலும்புக்கூடு. அது நின்றபின்தான் அணிகலன்கள். தவறினால் நிறுத்துவதில்லை, மெட்டு மீண்டும் சுழன்று வரும்போது பிடித்துக்கொள்ளலாம்.

ஏடு உதவாததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சில மெட்டுகளுக்குப் பிடிலின் தாழ்ந்த இரு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் உயர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். அப்போது வழக்கமாக விரல் வைக்கும் இடங்கள் மாறிவிடும். ஏடு பார்த்துப் பழகியவர் தடுமாறுவார், செவியை நம்பியவர் தடுமாறமாட்டார். ஒருவர்பின் ஒருவர் தனித்து வாசித்துத் திறன் காட்டும் வழக்கமும் இங்கில்லை. எல்லாரும் சேர்ந்தே மெட்டை வாசிப்பர். புதியவரின் தயங்கிய ஒலியைத் தேர்ந்தவரின் ஒலி தாங்கிக்கொள்ளும். இந்நாளில் வகுப்பைக் கைபேசியில் பதிந்து செல்கிறார்கள். அது நினைவுக்குத் துணை, நினைவுக்கு மாற்று அன்று.

சிறுவர்களும் விடுபடவில்லை. 2000-ஆம் ஆண்டில் வட கரோலினாவின் அலகெனி மாவட்டத்தில் ஹெலன் ஒயிட் என்ற பள்ளி ஆலோசகர், வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளுக்குக் குழுவாக இவ்விசை கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அது பின்னர் அண்டை மாநிலங்களிலும் பரவியது.

விட்டுப்போன கண்ணி

இவ்வரலாற்றின் உச்சம் 2005-இல் நிகழ்ந்தது எனக் கருதுகிறோம். அவ்வாண்டு ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அதன் பயனாய் ஒன்றுசேர்ந்த ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள், மெபேன் ஊரிலிருந்த ஜோ தாம்சன் வீட்டுக்கு வியாழன்தோறும் மாலையில் சென்றார்கள். 1918-இல் பிறந்த தாம்சன், அடிமை வாழ்வை அறிந்த பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து தமக்கும் செவி வழியே வந்த பிடிலை வாசித்தவர். அவர் வாசிப்பார், இளைஞர் கூடவே வாசிப்பர், பாடம் அவ்வளவே. 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு 2011-இல் கிராமி விருது பெற்றது. தாம்சன் 2012-இல் மறைந்தார்.

வணிகப் பட்டியல்கள் இல்லையென்று சொன்னதை, ஒரு முதியவரின் செவியும் விரலும் உண்டென்று நிரூபித்தன. ஏடும் தட்டும் யாருக்கு இடம் தருவதென்று தேர்ந்தெடுத்தன. திண்ணையோ யாரையும் விலக்கவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

ஆகவே கேள்வி ஞானம் குறைந்த ஞானமன்று. அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு: கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் அமர்ந்தாக வேண்டும். ஒரு தலைமுறை அமரத் தவறினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் எஞ்சாது. பதிவுகள் நூலகத்தில் தூங்கலாம். யாரேனும் ஒருவர் கேட்டுப் பழகி, வட்டத்தில் அமர்ந்து பிறர்க்குத் தந்தால்தான் அவை விழிக்கும். அப்பலேச்சிய மலைமக்கள் கல்லும் சுதையும் கொண்டு நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அவ்வட்டத்தில் இன்னும் ஒரு நாற்காலிக்கு எப்போதும் இடமுண்டு.

நம் இல்லங்களிலும் பாட்டறிந்த முதியோர் இருக்கிறார்கள். அவர்கள் அருகே அமர நமக்கு நேரம் வாய்க்கட்டும்!