பத்துச்சீட்டு பிறந்த கதை

இலங்கை மலையகத் தோட்டத்தில் துரை "கெட் அவுட்" என்று கத்தினால் அது அன்றைய கோபம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து பிந்தி வந்தவரை விரட்டினால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போகும். மறுநாள் விடியலில் மறுபடி போய் நிற்கலாம். பத்துச்சீட்டு என்ற வேலைநீக்கக் காகிதம் வந்துவிட்டால் அப்படியில்லை. வேலை போகும், அதோடு லயத்துக் காம்பராவும் போகும். சட்டிபானையைக் கட்டித் தலையில் வைத்து, பிள்ளைகுட்டியோடு தோட்டத்து எல்லையைத் தாண்ட வேண்டும். கூலி கொடுத்தவர்கள் கையிலேயே கூரையும் இருந்ததால் அந்தக் காகிதத்துக்கு அத்தனை பலம்.

இதற்கு முந்திய கதை, போகவே விடாத காலத்தின் கதை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். சட்டத்தைவிட இறுக்கமாகக் கட்டியது கடன். தமிழ்நாட்டு ஊரில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் ஆளின் தலையில் கணக்காக ஏறின. கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக விரும்பினால், துரையிடம் ஒரு 'துண்டு' கேட்பார். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்பதே அதன் சாரம். ஆள் பஞ்சத்தில் தவித்த இன்னொரு துரை அந்தத் தொகையையும் அதற்கு மேலும் கொடுப்பார். கூடுதலாகக் கிடைத்தது கங்காணிக்கு, கூடிய கடன் ஆட்களுக்கு. தன் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மனிதரைக் கடனோடு கைமாற்றிய அந்தத் துண்டை 1921இல் சட்டம் ஒழித்தது.

துண்டு ஒழிந்தது, போகச் சொல்லும் அதிகாரம் ஒழியவில்லை. சங்கத்தில் சேர்ந்தவர், எதிர்த்துப் பேசியவர் என்று பார்த்துப் பத்துச்சீட்டு கொடுக்கும் காலம் வந்தது.

வெள்ளைக்காரர் ஒருவருக்கும் இது நடந்தது. மடுல்கெலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்றதால் தோட்டத்தை விட்டு நீக்கப்பட்டார். நாவலப்பிட்டியில், 1937 ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அதே மாதம் நாட்டை விட்டே போகச் சொல்லி ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். பிரேஸ்கேர்டில் மறைந்து வாழ்ந்தார், பிடிபட்டார், உயர் நீதிமன்றம் மே மாதம் அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பத்துச்சீட்டு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்கு அன்று எந்த நீதிமன்றப் படி எட்டியது?

1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தோட்டம் கொடுத்த சீட்டை இப்போது நாடே கொடுத்தது. அட்டன் பக்கத்திலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை, அழுகுரலைக் கேட்ட மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தது. காணி மட்டும் இன்னும் நிலுவையில் கிடக்கிறது. புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் நிலம் கிடைத்தவர்கள் உண்டு. லயத்திலேயே இருப்பவர்கள் அவர்களைவிட மிகப் பலர். காம்பராவுக்கு அவர்கள் பெயரில் உறுதி எழுதப்படாதவரை, வேலையோடு சேர்த்துக் கூரையைப் பறிக்கும் வழி திறந்தே இருக்கும்.