பலூனில் போன தொலைநோக்கி

மார்கழி ராத்திரியில் மேடவாக்கம் மொட்டை மாடியில் நின்னா ஓரியன் தெரியும். ஆனா பளிச்னு இருக்காது. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், காத்து முழுக்க ஈரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை இந்த ஈரம் கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான். தொலை அகச்சிவப்பு ஒளியையோ நீராவி தரைக்கே வரவிடாது. நட்சத்திரம் பிறக்கும் இடங்களில் உள்ள குளிர்ந்த தூசு மின்னுவது பெரும்பாலும் அந்த ஒளியில்தான்.

அதைப் பார்க்க மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் (டி.ஐ.எஃப்.ஆர்.) பிடித்த வழி பலூன். ஹோமி பாபா 1940-களிலேயே காஸ்மிக் கதிர்களை அளக்க ரப்பர் பலூன் விட்டவர். 1969-இல் ஐதராபாத்தில் நிரந்தர பலூன் தளம் வந்தது. அங்கிருந்துதான் 1980-களில் தொடங்கி 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைச் சுமார் 31 கி.மீ. உயரத்துக்கு அனுப்பினார்கள். காற்றுமண்டலத்தில் 99 சதவீதம் அதுக்குக் கீழே போய்விடும்.

1983-இல் வானம் முழுக்க அளந்த ஐராஸ் செயற்கைக்கோள் 100 மைக்ரான் அலைநீளத்தோடு நின்றுவிட்டது. ஐதராபாத் பலூன் 120 முதல் 240 மைக்ரான் வரை பார்த்தது. உணர்கருவியை 0.3 கெல்வினுக்குக் குளிர்விக்கணும். இல்லேன்னா கருவியின் சூடே வானத்தின் சூட்டை மறைத்துவிடும். அந்தத் தொலைநோக்கியால் வரைந்த ஓரியன் குளிர்தூசு வரைபடம் 2000-இல் வெளியானது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் பலூன்தான். மெல்லிய பாலித்தீன் பை. நம்ம மாதிரி வெப்பமண்டலத்தில் 16, 17 கி.மீ. உயரத்தில் மைனஸ் 80 டிகிரி குளிர். துருவங்களுக்கு மேலே இருப்பதைவிட அதிகம். சாதாரண பாலித்தீன் அங்கே நொறுங்கிடும். அதனால் அந்தக் குளிரைத் தாங்கும் படலத்தையும் உருவாக்க வேண்டியிருந்தது.

வேலை முடிஞ்சதும் தொலைநோக்கி பாராசூட்டில் இறங்கும். எங்கே? ஐதராபாத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருத்தர் வயலில். அதனால்தான் பலூன் விடும் காலத்தில் அக்கம்பக்க மாவட்டங்களுக்கு அறிவிப்பு போகும்: வானத்திலிருந்து பெட்டி இறங்கினால் பிரிக்காதீர்கள், போலீஸுக்கோ தபால் நிலையத்துக்கோ சொல்லுங்கள், சன்மானம் உண்டு.

ஒரே தொலைநோக்கி திரும்பத் திரும்பப் பறக்கணும்னா அது முழுசாக் கிடைக்கணும். ஓரியன் வரைபடத்தில் ஆராய்ச்சியாளர்கள் பேர் இருக்கு. வயலில் இறங்கின பெட்டியைப் பிரிக்காம விட்டவங்க பேர் இல்லை. அவங்களுக்கும் அதில் பங்கு உண்டுன்னுதான் எனக்குத் தோணுது.